மூன்றாவது தாழி

கிரீட் தீவின் பழைய அரண்மனையில் பன்னிரண்டு பெரிய செம்மண் தாழிகள். சுற்றிப் பார்க்க வரும் சனியன்கள் குழந்தையின் பீத்துணியைக்கூட அவற்றுக்குள்தான் போடுகின்றன. தினமும் அள்ளுவது நான். ஒரு வாரமாக மூன்றாவது தாழி மட்டும் தானாகவே காலி. உள்ளே எச்சில் ஈரம், குமட்டும் நாற்றம்.

“எல்லாத் தாழியும் இப்படி இருக்கணும், ஆர்கிரோ. இல்லேன்னா நாளையோட வேலை போச்சு,” என்றான் மேற்பார்வையாளன் மனூசோஸ்.

“இதை யாரோ நக்கியிருக்காங்கய்யா.”

“அப்போ அவங்களையே வேலைக்கு வச்சுக்கறேன்.”

மறுநாள் காலை பன்னிரண்டும் பளபளத்தன. நான் ஒன்றையும் தொடவில்லை.

“அடேயப்பா! இனி உன் வேலைய யாரும் பிடுங்க முடியாது,” என்றான்.

யாராவது மெச்சினால் கண்ணேறு படாமலிருக்க மூன்று முறை துப்புவது எங்கள் வழக்கம். துப்பினேன். முதல் இரண்டிலும் செம்மண். மூன்றாவதில் ஒரு முடி வந்தது. தொண்டையிலிருந்து மெல்ல இழுத்தேன். முழ நீளத்துக்கு, யாரோ ஒருத்தியின் பொன்னிற முடி.