கேட்டதும் கொடு

திரையில் அவன் கைப்பேசி மறுபடியும் அனுமதி கேட்டது.

அவள் எழுதிய நிரல் மறுபடியும் கொடுத்தது.



சேலத்தில் புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த அன்றே, முதல் வேலையாக மளிகைச் செயலியின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் செயலிதான். கல்யாணமானதிலிருந்து இருவர் கைப்பேசியிலும் அவள் கணக்குதான் ஓடியது. மாற்றியாயிற்று, இனி அவனால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது என்று நிம்மதியாக இருந்தாள்.

நேற்று, கோவை ஹாஸ்டல் முகவரிக்குப் பாலும் ரொட்டியும் வரவழைத்தாள்.

அந்த முகவரி இப்போது அவன் கைப்பேசியிலும் தெரியும்.

பாஸ்வேர்டை ஒரு முறைதான் கேட்பார்கள். அதன்பின் கைப்பேசிக்கு ஒரு டோக்கன், உள்ளே வர அனுமதிச் சீட்டு மாதிரி. மணிக்கொரு தரம் அது காலாவதியாகும். கைப்பேசி தானாகவே புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இடையில் பாஸ்வேர்டு மாறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நிரலை எழுதிய இந்த மகராசி அதைப் பார்க்கவில்லை. கேட்டதும் கொடு என்று எழுதிவைத்தாள். வாடிக்கையாளர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். அதற்கு அலுவலகத்தில் கேக் வேறு வெட்டினார்கள். பல்லை இளித்துக்கொண்டு படத்துக்கு நின்றாள்.

ஒரு கைப்பேசியை மட்டும் வெளியேற்ற அவள் வழி வைக்கவில்லை. அவனைத் துரத்த வேண்டுமானால் எல்லோரையும் துரத்த வேண்டும்.

ஹாஸ்டல் அறையிலிருந்தே மேனேஜர் பெனடிக்டை அழைத்தாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஓர் ஓட்டை இருக்கிறது, உடனே அடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

“இப்பவா? ஆர்டர் குவியுற நேரம்மா. எல்லா வீட்லயும் பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா நம்மள கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நாளைக்கு.

வேலை போனால் போகட்டும்.

எல்லோரையும் வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அத்தனை டோக்கன்களும் செல்லாமல் போயின. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எண்ணெய்க்குக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் அவளைச் சபித்தார்களோ.

அவன் கைப்பேசி உடனே புதியது கேட்டு வந்தது.

மறுக்கப்பட்டது.

அப்பாடா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை ஆசையாக இன்னொரு முறை படித்தாள்.

ஒவ்வொரு கோரிக்கையின் ஓரத்திலும், எந்த ஊரிலிருந்து வந்தது என்று இருக்கும். பதற்றத்தில் அவள் இதுவரை அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

காலையில் சேலம்.

அப்புறம், வழியில், பெருந்துறை.

இப்போது மறுக்கப்பட்டது, கோவை.

பெனடிக்ட் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை. மணிச்சத்தத்தை அணைத்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்தாள்.