மகன் தின்ற தட்டு

தெமோதரையிலிருந்து நேற்று வாழ வந்த காத்தாயி, புருஷன் தின்றுவிட்டு எழுந்த தட்டின் முன்னால் சோற்றுச் சட்டியோடு நிற்கிறாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் தகரக் கூரை மத்தியான வெயிலில் டக் டக்கென்று நெளிகிறது. தட்டில் அவன் மிச்சம் வைத்த சோறு, சப்பித் துப்பிய கருவாட்டு முள், கை கழுவிய தண்ணீரில் ஊறி மிதக்கும் பீடித் துண்டு. "அதுலயே போட்டுத் தின்னு புள்ள. ஒம் மாமியா நாப்பது வருசமா ஏந் தட்டுலதான் திங்கிறா," என்று மாமனார் பல்லைக் குத்துகிறார். அடுப்படியில் நிற்கும் மாமியார் சிவனாயி அந்தத் தட்டையே பார்க்கிறாள். தின்றாள்தான். விடியுமுன் புல்லறுத்து, மலையில் கொழுந்து பறித்து, போஞ்சிப் பாத்திக்கு எருச் சுமந்து, எட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்த பசியெல்லாம் அந்த எச்சிலில்தான் அடங்கிற்று. அது மொத்தமும் இப்போது தொண்டைக்கு ஏறி வருகிறது. காத்தாயியின் அகப்பை சட்டிக்குள் இறங்குகிறது. "போடாத புள்ள! வேற தட்டு எடு," என்கிறாள் சிவனாயி. "ஏய், என்னாடி பண்ற?" என்று மாமனார் கத்தக் கத்த, மகன் தின்ற தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்க்கிறாள். அவள் நாற்பது வருஷமாகத் தின்றதை மாடு ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.