வேம்புவின் பிடிவாதம்

“ஊர்வலமும் வேணாம், ஒண்ணியும் வேணாம்! தாலி அறுக்காதவ பின்னால எங்க பொம்பளைங்க ஒருத்தியும் வரமாட்டா. சொல்லிட்டேன் நைனா!”

வேம்புவின் வீட்டு வாசலில் கூடியிருந்த பெண்கள் நடுவிலிருந்து சொக்கம்மாள் மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானாள். சுப்புராயன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் அவனுக்குச் சின்னப் பொறுப்பு. பொறுப்புதான் சின்னது, தலைவலி பெரியது. கூலி உயர்வு கேட்டுத் துறைமுக வாசலில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் லாரியில் அள்ளிக்கொண்டு போய், ஸ்டேஷனில் வைத்து நொறுக்கிவிட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் விட்டுப் போன தடி மட்டும் போகவில்லை. அஜீசாவின் மகனுக்குக் கை முறிந்தது. சொக்கம்மாளின் தம்பி இன்னும் எழுந்து உட்காரவில்லை. வேம்புவின் வீட்டுக்கோ, “உன் புருஷன் ஜெயக்கொடி மாடிப்படியில் விழுந்து செத்துவிட்டான்” என்று சேதி வந்தது. அவள் ஒருத்தியை மட்டும் உள்ளே விட்டு உடலைக் காட்டினார்கள். பிறகு அவர்களே வண்டியில் கொண்டுபோய் எரித்தும் விட்டார்கள்.

நாளைக்கு டோல்கேட்டிலிருந்து ஊர்வலம். அடிபட்ட வீட்டுப் பெண்கள் முன்னால் நடந்தால்தான் பட்டணம் திரும்பிப் பார்க்கும், சர்க்கார் விசாரணை வைக்கும். இல்லாவிட்டால் அடித்தவன் மீசையை முறுக்கிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பெண்களைச் சேர்ப்பதற்குள் சுப்புராயன் பாதி ஆளாகிவிட்டான். ஒரு வீட்டில் மாமியார் விடவில்லை. இன்னொரு வீட்டில், தன் மகன் பெயரை முதலில் சொல்லிக் கோஷம் போட்டால்தான் வருவேன் என்று பேரம். எல்லாரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தால், இப்போது தாலி!

“சொக்கம்மாக்கா, போலீசு அடிச்சதுக்கும் தாலிக்கும் இன்னா சம்மந்தம்?”

“உனக்கு இன்னா தெரியும்? கருமாதி நாளு வந்துச்சு, போச்சு. இவ சடங்கு செஞ்சாளா? பூவும் பொட்டுமா நின்னுகினு கீறா. எங்க ஆம்பளைங்க தெனம் கடல் மேல போறவங்க. இவ பின்னால நடந்து, அவங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நீயா பதில் சொல்லுவ?”

அஜீசா குறுக்கே வந்தாள். “விடு சொக்கம்மா. அவ மனசு இன்னா பாடுபடுதோ!”

“உனக்கு இன்னாம்மா, உன் மவன் கடலுக்கா போறான்?”

சுப்புராயன் கதவோரம் நின்ற வேம்புவைப் பார்த்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று இருந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளை மட்டமாகப் பேசவும் முடியாது. தெருத் தெருவாக அவனோடு அலைந்து பாதிப் பேரைத் திரட்டியவள் அவள்தான். இன்ஸ்பெக்டரை நேருக்கு நேர் பார்த்து “கொலகாரப் பாவி” என்று மண்ணை வாரித் தூற்றியவளும் அவள்தான். ஆனால் தாலிப் பேச்சை எடுத்தால் மட்டும், “அட்ச்சவன் ஜெயிலுக்குப் போவட்டும், அப்பால பாக்கலாம்” என்று ஒரே பேச்சு. முதலில் அவனும் சபதம் என்று நினைத்து மெய்சிலிர்த்தான். கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கினான். அந்தச் சபதமே இன்று ஊர்வலத்துக்கு உலை வைத்துவிட்டது.

“பொழுது சாயறதுக்குள்ள சடங்கு நடந்தா குப்பமே வரும். இல்லாங்காட்டி நீ தனியா கொடி புட்ச்சிகினு போ!” என்று சொல்லிவிட்டுச் சொக்கம்மாள் நடந்தாள். மற்றப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். அஜீசாவும் பெருமூச்சு விட்டபடி கிளம்பினாள்.

சுப்புராயன் வெடித்தான். “வேம்பு, உன்ன கையெடுத்துக் கும்புடறேன். ஒரு கயித்தால எல்லாம் பாழாப் போவுது! நீ அறுக்கலன்னா செத்தவன் எழுந்து வந்துடுவானா? உனக்கு அவன் மேல பாசமே இல்லியா?”

வேம்பு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

“அண்ணா, அன்னிக்கு எங்க வூட்டுக்காருக்கு ஜொரம். வேலைக்குப் போவலன்னா பேர எட்த்துடுவாங்கன்னு, கேட்ல காட்டுற, பேரு போட்ட பித்தளப் பில்லைய, வேலை தேடி வந்த ஒரு வெளியூராளுகிட்ட குடுத்து அனுப்பிட்டாரு. வாசல்ல உக்காந்தவங்களோட அந்தாளையும் சேத்து லாரில அள்ளிகினு போயிட்டாங்க. போலீசு அந்தப் பில்லைய பாத்துட்டுதான் என்னைக் கூப்ட்டாங்க. ‘இது யாரோ’ன்னு நான் சொல்லியிருந்தா, அநாதப் பொணம்னு எழுதி அன்னியோட மூடியிருப்பானுங்க. அதான் மார்ல அட்ச்சிகினு அழுதேன்.”

“அப்போ ஜெயக்கொடி?”

“முகத்துவாரக்குப்பத்துல எங்கக்கா வூட்ல கீறாரு. உசுரோட கீற மனுசனுக்கு நான் எப்டிண்ணா தாலி அறுப்பேன்?”

“அப்போ செத்தது யாரு?”

“பேருகூடத் தெரியாதுண்ணா” என்றாள் வேம்பு. “எங்க வூட்டுக்காருக்கு பதிலா வேலைக்குப் போயி அடிபட்டு செத்துச்சு அந்தப் புள்ள. பெத்தவ எந்த ஊர்ல வழி பாத்துகினு கீறாளோ, அவ வர்ற வரிக்கும் அவளுக்கு பதிலா நான் அழுவுறேன்.”