உயிரோடு வந்தவரின் நடுகல்

"இந்த வருசமும் தனக்குத் தானே மாலை போட்டுக்கிட்டாரும்மா நம்ம சேர்மன்!"

டீக்கடை மாரியப்பன் சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊராட்சித் தலைவி கலைமணிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும்.

கம்பைநல்லூர் சாலையை அகலப்படுத்த வேண்டும். அவனவன் வாசலையே இடித்துக் கொடுத்தாயிற்று. குறுக்கே நிற்பது சேர்மனின் அந்த ஒரு கல்தான்.

எழுபத்தொன்று சண்டையில், பட்டாளத்தில் இருந்த மாதவராஜைக் காணவில்லை என்று ஊருக்குத் தந்தி வந்தது. நாலு மாதம் பார்த்தார்கள். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று முடிவுகட்டி, கருமாதி செய்து, பேர் வெட்டி நடுகல்லும் நட்டுவிட்டார்கள். அடுத்த மார்கழியில் மனுசன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பாகிஸ்தானில் போர்க்கைதியாக இருந்தாராம்.

அந்தக் கதையைச் சொல்லியே இரண்டு தடவை ஒன்றியச் சேர்மன் ஆனார். அதோடு விட்டாரா? தை பிறந்தால் போதும், தன் கல்லுக்குத் தானே மாலை போட்டு, தானே விழுந்து கும்பிடுவார்.

கலைமணி நேரே அவர் வூட்டுக்கே போனாள்.

"ஐயா, கல்லை எடுக்கணுங்க. ஸ்கூல் பின்னால இடம் இருக்குது, அங்க வெச்சிடலாம்."

"அங்க யாரும்மா பாக்கப் போறாங்க? ரோட்டை ரெண்டு முழம் தள்ளிப் போடக் கூடாதா?"

"சமுதாயக் கூடத்துல உங்க பேரு இருக்குது. தண்ணித் தொட்டியில இருக்குது. இன்னும் எத்தனை எடத்துலதாங்க வேணும்?"

கிழவர் முகம் சுருங்கிப்போனது.

"சரிம்மா, எடுங்க. நான் பக்கத்துல நின்னுக்கறேன்."

மறுநாள் காலையில் பொக்லைன் வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

"பாத்து, மெதுவாப்பா!" என்று பதறினார் கிழவர்.

"ஏங்க சேர்மன், வலிக்குதுங்களா?" என்றான் மாரியப்பன். மறுபடி சிரிப்பு.

கல் வேரோடு பிடுங்கியதுபோல் வந்து தரையில் சாய்ந்தது. மண்ணுக்குள் இருந்த பாகத்திலும் தலைகீழாக ஏதோ எழுத்து. கலைமணி குனிந்து கையால் மண்ணைத் துடைத்தாள்.

குலாம் ரசூல்.

"யாருங்கய்யா இது?"

கிழவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அங்க எனக்குக் காவல் நின்னவன்."

"எதிரி நாட்டுச் சிப்பாயா?"

"ஆமாம்மா. தை மாசக் குளிரு. எனக்கு உடம்பெல்லாம் காய்ச்சல். தன் கம்பளியை எடுத்து எனக்குப் போத்திட்டு, வெறும் சட்டையோட வெளிய நின்னான். நாலாம் நாளு நெஞ்சுல சளி கட்டி அவன் போயிட்டான். நான் பொழைச்சுக்கிட்டேன்."

கிழவர் குனிந்து அந்தப் பேரைத் தடவினார்.

"கல்லு சாயுதுன்னு சொல்லி ஒருதரம் எடுத்து நட்டேன் பாரு, அப்ப வெட்டினது. மாலை அவனுக்குப் போட்டதும்மா."

"மேலயே வெட்டியிருக்கலாமேங்க?"

"ஓட்டுக்கு நின்னவன்மா நான். ஊரு என்னை என்ன சொல்லுமோன்னு பயந்துட்டேன். குண்டு விழுந்தப்பகூட அவ்வளவு பயந்ததில்லை."

மாரியப்பன் கலைமணியை ஓரமாக இழுத்தான்.

"கமுக்கமா ஸ்கூல் பின்னால கொண்டுபோயிப் புதைச்சிடு கலைமணி. எலெக்ஷன் வருது. இது ரோட்டுல நின்னா எதிராளி உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுருவான்."

கலைமணி ஒரு நிமிடம் அந்தப் பேரையே பார்த்தாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"தொங்க விடட்டும்ண்ணா! அவரு அம்பது வருசம் பயந்தாரு. அஞ்சு வருசப் பதவிக்கு நானும் பயப்படணுமா? டிரைவர் தம்பி, ரோடு ரெண்டு முழம் தள்ளியே போகட்டும், நான் பேசிக்கறேன். கல்லு இங்கதான் நிக்கும்!"

யாரோ ஒருவர் கை தட்டினார். அப்புறம் கூட்டமே தட்டியது. மாரியப்பன் தலையைச் சொறிந்தான். சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் கடப்பாரையைத் தூக்கினான்.

"நல்லா மேல தூக்கி நடுங்கண்ணா. ரெண்டு பேரும் தெரியணும்," என்றாள் கலைமணி.

"வேணாம்மா," என்றார் கிழவர். ஐம்பது வருசமாக ஊர் பார்க்காத சிரிப்பு அந்த முகத்தில். "தலைகீழா நடுங்க. அவன் பேரு நேரா நிக்கற மாதிரிதான் வெட்டி வெச்சிருக்கேன். எம்பேரு மண்ணுக்குள்ள போகட்டும்!"