காலியான ஓர் இடம்

பரஞ்சோதியின் மெயில் இன்பாக்ஸ் நிரம்பி மூச்சுமுட்டிக் கிடந்தது. வாசலில் நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று கெஞ்சியது.

"அண்ணே, அவர் ஆறு மாசமா காத்திருக்கிற வேலை. ஓரமா நின்னுக்கிறேனே?"

"நான் என்னம்மா பண்றது? பத்து வருஷத்துக்கு முந்தின ஆடித் தள்ளுபடி விளம்பரத்தைக்கூட 'இருக்கட்டும்'னு வச்சிருக்கார்," என்றது இன்பாக்ஸ்.

அன்று பரஞ்சோதி மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த ஆடித் தள்ளுபடியை அழித்தார். ஒரே ஓர் இடம் காலியானது. நல்ல சேதியாச்சே, வலது காலை எடுத்து வைப்போம் என்று கடிதம் நிதானித்தது. அதற்குள் மெயில் சர்வரின் கடிதம் ஒன்று அதை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

"அப்படி என்ன அவசரச் சேதி?" என்றது இன்பாக்ஸ்.

"உள்ளே இடமில்லைன்னு எச்சரிக்கை."

நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்த வழியே திரும்பியது. எச்சரிக்கையைப் படித்த பரஞ்சோதி, 'முக்கியமாச்சே' என்று நட்சத்திரம் போட்டுப் பத்திரப்படுத்தினார்.