நேற்றைய பதிவுக்கு ஒரு திருத்தம்

சக வலைப்பதிவர் அறவாழிக்கு நேற்று அஞ்சலிப் பதிவு எழுதிய பொற்கொடி, காலையில் பின்னூட்டங்களைத் திறந்தாள். அறவாழியே எழுதியிருந்தார்: “உயிரோடதாங்க இருக்கேன். ஒரு திருத்தம் போட்டுடுங்க.”

யார் கிளப்பிய புரளியோ, பாவி நானும் நம்பித் தொலைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சந்தோஷத்தோடு ‘நேற்றைய பதிவுக்கு ஒரு திருத்தம்’ என்று தட்டச்சு செய்தாள். வெளியிடும் முன் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவிதான் எடுத்தார். பின்னால் சாவு மேளம் அதிர்ந்தது.

“குளிப்பாட்டியாச்சும்மா. நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவாங்க.”

பொற்கொடி திருத்தத்தை அழிக்க விரலை நீட்டினாள். அதற்குள் இன்னொரு பின்னூட்டம் வந்து விழுந்தது.

“இன்னுமா போடல? இங்க எல்லாரும் நீங்க நேத்து எழுதினதைத்தான் நம்பிட்டிருக்காங்க. சீக்கிரம் போடுங்க. என்னைத் தூக்கப் போறாங்க.”