மூணாவது போட்டோ

"அதே புள்ளதானே இது? மூணாவது வாட்டி தூக்கினு வர்றீங்களே, வெக்கமா இல்ல?"

ராஜாங்கம் போட்ட சத்தத்தில் உப்புக் கொட்டகையே அடங்கிப்போனது. பால் பவுடர் டின்னுக்காக நீண்ட சூர்யகலாவின் கை அப்படியே நின்றது.

சுனாமித் தண்ணீர் உப்புப் பாத்திகளை அடித்துக்கொண்டு போய் ஒரு மாதம். மரக்காணத்தில் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. ஒருவேளைக் கஞ்சி குடிக்கிறவளுக்குப் பால் எங்கிருந்து ஊறும்? அவளுடைய நாலு மாதப் பிள்ளை காலையிலிருந்து வெறும் மார்பைச் சப்பிச் சப்பி அழுது ஓய்ந்து, தோளில் முகம் புதைத்துக் கிடந்தது.

டின்களைக் கொண்டுவந்த டிரஸ்டின் ஆள்தான் இந்த ராஜாங்கம். ஒரு பிள்ளைக்கு ஒரு டின். தாயும் பிள்ளையும் டின்னோடு போட்டோவுக்கு நிற்க வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்பணுமாம். போன வாரம் அம்மணமாகத் தூக்கி வந்த பிள்ளைகளை, "போட்டோவுல அசிங்கமா இருக்கும், சட்டை போட்டுக் கொண்டாங்க" என்று வெறுங்கையோடு விரட்டிவிட்டிருந்தார், புண்ணியவான்.

இப்போது கேமராவைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். சற்று முன் டின் வாங்கிப் போன அவள் காலனிக்காரிகள்: முதலில் பொன்னம்மாள், அடுத்து சாமுண்டீஸ்வரி. டின்னும் அதில் ஒட்டிய டிரஸ்ட் பேரும்தான் பெரிதாக விழுந்திருந்தன. இரண்டு போட்டோவிலும் மஞ்சள் சட்டை, முதுகில் வாத்துப் படம்.

சூர்யகலாவின் தோளில் கிடந்ததும் அதே மஞ்சள், அதே வாத்து. சட்டைக் கை மட்டும் பிள்ளையின் விரலைத் தாண்டித் தொங்கியது.

"மூஞ்சியத் திருப்பி வெச்சிட்டா எனக்குத் தெரியாதா? ஒரு புள்ளைய வெச்சி மூணு டின்னா?"

"சார், இது என் புள்ள சார்..."

"வாய மூடு! கூட்டுக் களவாணிங்க! எரக்கப்பட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும். அந்த ரெண்டு டின்னும் இப்பவே திரும்பி வரணும். இனிமே உங்க காலனிக்கு ஒரு டின் கெடையாது, போ!"

வரிசையில் நின்ற பக்கத்து ஊர்க்காரிகள் வேறு, "சீ, பச்சப்புள்ளைய வெச்சி இப்பிடியா?" என்று முகத்தைச் சுளித்தார்கள்.

சூர்யகலா ஆத்திரத்தோடு கொட்டகை வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"பொன்னம்மா அக்கா! சாமுண்டி! மறைஞ்சி நின்னது போதும், உள்ள வாங்க!"

இருவரும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். முந்தானையை விலக்கினார்கள். ஆளுக்கொரு பிள்ளை, பிறந்த மேனிக்கு, கடல் காற்றில் வெடவெடத்துக்கொண்டிருந்தது.

ராஜாங்கம் அந்தப் பிள்ளைகளையும் இந்தப் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சூர்யகலா தன் பிள்ளையின் மஞ்சள் சட்டையைக் கழற்றி அவருடைய கேமரா மேலேயே வீசினாள்.

"புள்ளைங்க மூணு சார். சட்டதான் ஒண்ணு."